ஓடாத பஸ்

'வாகனம்' என்று ஒரு வகுப்பே இல்லை என்றது கணினி.

ஜெயந்தினி திரையை மறுபடி படித்தாள். நேற்று வரை ஓடிய புரோகிராம்!

ஹட்டன் கணினி நிலையத்தில் ஜாவா செயன்முறைப் பரீட்சை. செய்து பழகியதை பிளொப்பியில் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும். பாஸானால் இங்கேயே வேலை. இல்லாவிட்டால்? காலையில் லிந்துலையில் பஸ் ஏறும்போதே அப்பா சொல்லிவிட்டார்.

"தோட்டத்துக் கண்டாக்கய்யாகிட்ட பேர் குடுத்துட்டேன். பாஸாகலேன்னா திங்கக்கிழமை பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப நின்னு, கொழுந்தெடுக்கப் போயிரு."

பாடம் என்னவோ எளிதுதான். ஜாவாவில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு தனிக் கோப்பு; 'வாகனம்' தாய் வகுப்பு. சக்கரம், வேகம், பிரேக் எல்லாம் அதில் எழுதியாயிற்று. பிள்ளை வகுப்புக்கு அவை தாமாக வந்துவிடும். புதிதாக உள்ளதை மட்டும் எழுதினால் போதும். வாகனத்தைக் கூடப் படிக்கும் ஆர்த்திகாவும் அவளும் இங்கேயே ஒரே கணினியில் சேர்ந்து எழுதினார்கள். அதிலிருந்து ஜெயந்தினி 'பஸ்' செய்தாள், ஆர்த்திகா 'லொறி'.

சேர்ந்து என்பது பேச்சுக்குத்தான். யாழ்ப்பாணத்து வாத்தியார் மகள் ஆர்த்திகா கீபோர்டை விட்டுக் கொடுத்தால்தானே! ஜெயந்தினி பக்கத்தில் இருந்து சொல்ல, அவள் படபடவென்று தட்டுவாள்.

"இன்னும் கால் மணித்தியாலம்தான்," என்றார் கேதீஸ்வரி மிஸ்.

ஜெயந்தினி பிளொப்பியை உருவி மறுபடி போட்டாள். அதே பிழை. கண்ணில் நீர் முட்டியது.

அடுத்த மேசையிலிருந்து ஆர்த்திகா எட்டிப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

"மிஸ், எனக்கு இவவின்ர இடம் வேணும். இஞ்ச ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துது."

"இந்த நேரத்துலயா? நான் மாற மாட்டேங்க மிஸ்!"

"ரெண்டு பேரும் மாறி இருங்கோ. சண்டை பிடிக்க நேரமில்லை."

வாத்தியார் மகள் கேட்டால் மறுபேச்சு ஏது? வயிற்றெரிச்சலோடு போய் உட்கார்ந்தாள் ஜெயந்தினி. பிளொப்பியைப் போட்டாள்.

பஸ் ஓடியது!

மிஸ் பார்த்துத் தலையாட்டி, பாஸ் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"என்ன ஆர்த்திகா, உம்மட லொறி ஓடேல்லை?"

"நாங்கள் பழகினது அந்தக் கொம்பியூட்டரில மிஸ். ரெண்டு பேரும் பிள்ளையை மட்டும் பிளொப்பியில கொண்டு வந்திட்டம். தாய் அதுக்குள்ளேயே கிடக்கு."

தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"வாகனத்தைத் திரும்ப எழுதிறன் மிஸ். பத்து நிமிசம் எனக்குப் போதும். அவவுக்குப் போதாது."