இடியின் முழங்கால்

"கொஞ்சம் மெதுவாவே போலாம்டி. என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது," என்று குச்சிகளை மடியில் போட்டுவிட்டு இடது முழங்காலை நீவினாள் டிரம்ஸ் வாசிக்கும் இடி.

"நாப்பத்தி மூணு வயசுலயே கிழவி ஆயிட்ட," என்றாள் பேஸ் கிடார் வாசிக்கும் நெட்டை. வாய்தான் கிண்டல் செய்தது. உள்ளுக்குள் அந்த முழங்காலைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவளை மட்டும் சொல்லாத. என் தொண்டையும் போச்சு," என்றாள் பாடகி. நால்வரில் மூத்தவள் என்பதால் மூன்று பேருக்கும் அவள் அக்கா. "உச்சியை எட்ட முடியல. சுருதியை ரெண்டு படி இறக்கியே வச்சுக்கலாம்."

"நடுவுல கிடாரும் பேஸும் சேர்ந்து வேகமா மேல ஏறுற அந்தத் தாவலும் வேண்டாம். எனக்குச் சலிப்பா இருக்கு," என்றாள் கிடார் வாசிக்கும் மொட்டை. இருபது வருஷமாகத் தலையை மழித்துக்கொண்டிருப்பதில் மட்டும் அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை.

மெத்தைக் கிடங்கின் மாடியில் ஆரம்பித்த பேண்ட் அது. கீழே அடுக்கியிருந்த மெத்தைகள் சத்தத்தை விழுங்கிவிடும் என்று நம்பி அந்த அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். விழுங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மூன்று முறை போலீஸைக் கூப்பிட்டார், நாலாவது முறை டிக்கெட் கேட்டார். பெண்கள் பாப் பங்க் என்ற இந்த அதிரடி இசையை வாசிப்பதா, கல்யாணமானால் காணாமல் போய்விடுவார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. கல்யாணம், பிரசவம், ஒரு விவாகரத்து எல்லாம் நடந்தன, ஆறு ஆல்பங்களும் வந்தன. அலாரத்தைத் திட்டி அவர்கள் பாடிய 'எழுந்திருக்க மாட்டேன்' இரண்டே நிமிஷப் பாட்டு. அது தொடங்கினால் அரங்கில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

இப்போது அந்தப் பாட்டு மூன்று நிமிஷம் ஓடுகிறது.

அதற்குத்தான் நெட்டை நன்றியோடு இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. ஒத்திகையில் காபிக் கோப்பை நழுவி உடைந்த அன்று, கை ஈரம் என்று மூன்று பேரிடமும் சொல்லிச் சமாளித்தாள். நரம்புக் கோளாறு, மெதுவாகத்தான் சரியாகும் என்றார் டாக்டர். பழைய வேகத்தில் அந்தப் பாட்டை வாசித்தால் பத்து நொடியில் குட்டு உடைந்துவிடும்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம், பேண்ட் தொடங்கிய முதல் நாள் நால்வரும் கைமேல் கை வைத்துச் செய்த சத்தியம். ஒருத்தி விலகினால் பேண்டையே இழுத்து மூடிவிட வேண்டும், புது ஆள் கிடையாது. தன் இரண்டு விரல்களுக்காக மூன்று பேரின் பிழைப்பில் மண்ணைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

நல்லவேளையாக, அந்த மாதமே இடிக்கு முழங்கால் வலி வந்தது. அடுத்து அக்காவின் தொண்டை, அதில் சுருதி இறங்கிக் கம்பிகளும் அழுத்த இளகின, பிறகு மொட்டையின் சலிப்பு. எல்லாம் பார்த்துப் பார்த்து அவள் விரல்களுக்கென்றே வந்ததுபோல வந்தன. பெரிய டிரம்மை மிதிப்பது வலது கால்தானே, இடது முழங்கால் வலித்தால் வேகம் ஏன் குறைய வேண்டும் என்று ஒருமுறை கேட்கப் போனாள். வீட்டுக்கு வந்த மகாலட்சுமியை விரட்டுவானேன் என்று வாயை மூடிக்கொண்டாள். குற்ற உணர்ச்சியில் மாதம் ஒரு வலி தைலம் மட்டும் இடிக்கு வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் வரும் சனிக்கிழமை இருபதாவது வருஷ நிகழ்ச்சி. அதற்குமேலும் ஏமாற்றினால் தூக்கம் வராது. மறுநாள் அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, ஒத்திகைக்குக் கால் மணி நேரம் முன்பே வந்தாள்.

பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

மேலே 'எழுந்திருக்க மாட்டேன்' ஓடிக்கொண்டிருந்தது, பழைய வேகத்தில். பழைய ரெக்கார்டைப் போட்டுக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். நடுவில் இடி யாரையோ அதட்டினாள். ரெக்கார்டில் அதட்டல் கிடையாது.

புது ஆள் பிடித்துவிட்டார்களா? சத்தியமாவது, மண்ணாவது. அவர்களைக் குறை சொல்லவும் வாயில்லை, ஏமாற்றியவள் அவள்தானே. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே மூன்று பேர்தான் இருந்தார்கள். ஜன்னலோரம் அவள் இடம் காலியாகவே இருந்தது.

பாட்டு முடிந்தது. "ரெண்டு நிமிஷம் மூணு செகண்ட்," என்றாள் மொட்டை, போனைப் பார்த்து. "தாவலும் சுத்தமா விழுந்தது."

"விழணும்," என்றாள் அக்கா. குரலில் கரகரப்பே இல்லை. "அவ விரல் சரியாகி வர்ற அன்னைக்கு நாம தடுமாறக் கூடாது. அதுவரைக்கும் தினம் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடணும். அவளா சொல்ற வரைக்கும் ஒருத்தியும் மூச்சு விடக் கூடாது."

"சரி, அவ வர்ற நேரமாச்சு," என்று இடி ஸ்டூலைத் தாண்டிக் குதித்தாள். "ஆமா, எனக்கு எந்த முழங்கால்டி வலிக்கணும்? வலதா, இடதா?"

"இடது," என்றாள் நெட்டை, கதவைத் தள்ளிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி. "ஆனா டிரம்மை மிதிக்கிறது வலது கால்டி, லூசு."