கைக்குழந்தை இல்லாத கட்டடம்

சாக்கடைக்குள் கொக்கியை விட்டு இழுக்க இழுக்க, குழந்தைகளைத் துடைத்துவிடும் ஈரத்தாள்களான வெட் வைப்ஸெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தேர்வடம் போல வந்துகொண்டே இருந்தன. "எந்த வீட்ல சார் கைக்குழந்தை இருக்கு?" என்றார் அடைப்பெடுக்க வந்த மரியதாஸ். "இந்தக் கட்டடத்துல கைக்குழந்தையே கிடையாதுப்பா" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி. கழிப்பறையில் வைப்ஸ் போடாதீர்கள் என்று மாடிக்கு மாடி நோட்டீஸ் ஒட்டியவர் அவர்தான். ஆறு மாதமாக அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை என்பது மனைவிக்குக்கூடத் தெரியாது. மறுநாள் காலை, இரவில் தன்னைத் துடைத்துச் சேர்த்து வைத்திருந்த வைப்ஸைக் கறுப்புப் பையில் அடைத்து, முடிச்சுப் போட்டு, லிஃப்டில் ஏறப்போனார். உள்ளே நின்ற மேல்வீட்டு வசுமதி, "குப்பையா சார்? குடுங்க, நான் போட்டுடறேன்" என்று கை நீட்டினாள். "இல்லம்மா, ஒண்ணு மறந்துட்டேன்" என்று திரும்பியவர், கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார்.