இரண்டாவது தட்டு

கணவரின் தாடையை இடது கையால் பற்றியிருந்தாள்.

கரண்டி பல்லில் மோதியது.

"ஏனுங்க. ஒரு வாய். ஒரே ஒரு வாய்ங்க."

உதடுகள் இன்னும் இறுகின.

கன்னங்களை இரண்டு பக்கமும் அழுத்தினாள். எலும்பு தட்டுப்பட்டது. அதன்மேல் தோல் மட்டும்தான் மிச்சமிருந்தது. வாய் சற்றே திறந்தது. அரிசிம்பருப்புச் சோற்றை உள்ளே தள்ளினாள். நாக்கு அதை வெளியே தள்ளியது. மோவாயில் வழிந்ததை வழித்து, விரலாலேயே மறுபடி திணித்தாள்.

கடித்தார்.

பற்கள் இறங்கின. அவள் கத்தவில்லை. அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி விரலைப் பிடுங்கினாள். சோற்றில் சிவப்பு கலந்தது.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை அவர் மறந்து பல மாதங்கள் ஆகின்றன. பிறகு பசியையும் மறந்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். பிடுங்கி எறிந்தார். கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்போது அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

"இன்னும் எடை குறைஞ்சா மறுபடி குழாய்தாம்மா," என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"வாயத் தொறங்க."

திறக்கவில்லை.

அறைந்தாள்.

இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. தலை ஒரு பக்கம் திரும்பி, மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்தது. அவர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

கை தானாகத் தட்டை எடுத்தது. சுவரில் வீசியது.

நங்கென்று மோதியது. கீழே விழுந்து, விளிம்பில் எழுந்து சுழன்றது. தாழத் தாழ ஒலி விரைந்தது. விரைந்து விரைந்து, நின்றது.

சுவரிலிருந்து சோறு மெல்ல இறங்கியது.

அந்த அமைதி அவளுக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் இந்த வீட்டில் தட்டுகள் பறக்கும். உப்பு குறைந்தால் பறக்கும். சோறு ஆறியிருந்தால் பறக்கும். மில்லில் யாராவது எதையாவது சொல்லியிருந்தாலும் பறக்கும். வீசுகிறவர் அவர். அவள் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த எவர்சில்வர் தட்டுகள். அவள் பெயரைப் புள்ளி புள்ளியாகப் பொறித்தவை. நெளிந்த இடங்களில் பெயரும் நெளிந்திருக்கும். ஒன்று அவள் நெற்றியில் பட்டது. தழும்பு புருவத்துக்குள் இருக்கிறது.

தட்டு சுழன்று நின்றதும் அவள் இன்னொரு தட்டில் போட்டு வைப்பாள். அதை அவர் ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டு எழுவார்.

அதே சட்டிச் சோறு. அதே உப்பு.

அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

நாற்காலி கிரீச்சிட்டது.

அவர் நிமிர்ந்திருந்தார். கண்கள் மின்விசிறியை விட்டு இறங்கியிருந்தன. வேட்டியில் கையைத் துடைத்தார். மேசையை நோக்கிச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

காத்திருந்தார்.

கால்கள் அவளைச் சமையலறைக்குக் கொண்டுபோயின. விரலிலிருந்து சொட்டியது வழியெல்லாம் விழுந்தது. இன்னொரு தட்டில் போட்டாள். கொண்டுவந்து வைத்தாள். வைத்ததும், பழக்கம் விடாமல், இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

அவர் சாப்பிட்டார்.

தன் கையால் பிசைந்தார். உருட்டினார். மென்றார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தார்.

"இப்பத்தான் உப்பு செரியா இருக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. சமையலறைக்குப் போய், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

மாலையில் மகள் பூங்கோதை போனில் கூப்பிட்டாள்.

"அப்பா ஏதாச்சும் சாப்புட்டாங்களாம்மா?"

"முழுத் தட்டும் சாப்புட்டாங்க கண்ணு."

"நெசமாவா! என்னம்மா பண்ணுன?"

"ஒண்ணுமில்ல. பழையபடி போட்டேன்."

மகள் சட்டென்று பேச்சை மாற்றினாள். பூங்கோதையும் இந்த வீட்டில் வளர்ந்தவள்தான்.

மறுநாள் மதியம்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தினாள். அந்த நாட்களிலும் ஜன்னலைச் சாத்தியது அவள்தான்.

மேடைமேல் இரண்டு தட்டுகள். இரண்டிலும் சோறு.

அவர் சுவரை ஒட்டிய நாற்காலியில் இருந்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய மஞ்சள் கறை சுவரில் காய்ந்திருந்தது. அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் அவர் தலை.

முதல் தட்டை எடுத்து வந்தாள். கடிபட்ட விரலில் துணி சுற்றியிருந்தது. பிடி வழுக்கவில்லை.

புருவத்துக்குள் தழும்பு லேசாக அரித்தது.

நேற்று கை தானாக வீசியது.

இன்று குறி பார்க்க வேண்டியிருந்தது.