இரண்டாவது கையெழுத்து

“திரும்பி வருவீரோ, மாட்டீரோ? முதல் அதைச் சொல்லும்.”

விமலாதேவி டீச்சர் கேட்ட வேகத்தில் விஜயகலா வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை இறக்கினாள். பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா புஷ்பம் முந்திக்கொண்டாள்.

“வராம எங்கங்க போவா, டீச்சரம்மா? வரலேன்னா நானே போயி காதப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன்.”

“உங்களிட்டப் பாஸ்போர்ட் இருக்கோ?”

“இல்லீங்க.”

“அப்ப எப்பிடிப் போவியள்?”

டீச்சர் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. புஷ்பம் மகளைப் பார்த்தாள்.

விஜயகலா கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனவள். மழை பெய்யும்போது எந்தச் சரிவு எப்போது சரியும் என்று முன்கூட்டியே அறிவதுதான் அவளுடைய ஆய்வு. கலாநிதிப் பட்டத்துக்கு நோர்வேயில் பேர்கன் நகரத்தில் இடம் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகம் சம்பளத்தோடு விடுமுறை தரும். ஆனால் அவள் திரும்பி வராவிட்டால் அந்தப் பணத்தைத் தாங்கள் கட்டுவதாகச் சொந்தக் காணி உள்ள இரண்டு பேர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். துறைத் தலைவர் ஒன்றைப் போட்டுவிட்டார். இன்னொன்று வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவளுக்குக் காணி உள்ள சொந்தம் ஏது? பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷிப்னாதான் இந்த இரத்தினபுரி முகவரியைத் தந்திருந்தாள். “கேட்டுப் பாருங்க மிஸ். மத்தவங்க மாதிரி வாசல்ல வச்சே அனுப்ப மாட்டாங்க.”

வாசலில் வைத்து அனுப்பவில்லைதான். உள்ளே உட்கார வைத்து விசாரணை நடக்கிறது.

“படிக்கப் போறவைக்கு ஏன் சம்பளம்?”

“திரும்பி வந்து இங்க படிச்சுக் குடுப்போம்னுதான் டீச்சர். போற காலத்துக்கு ரெண்டு மடங்கு இங்க வேலை செய்யணும். ஆராய்ச்சிக்கும் கம்பஸ்ல காசு தர்றாங்க. போன வருஷம் தந்ததிலதான் எங்க தோட்டத்துல மழை அளக்கிற கருவி வச்சேன்.”

“அது மேல கோழி ஏறி நிக்குதுங்க. அதுக்கும் சேத்துத்தான் காசு குடுத்தாங்க போல,” என்றாள் புஷ்பம்.

“பேர்கனிலயும் இரத்தினபுரி மாதிரி விடாமல் மழையாமே?”

விஜயகலாவுக்கு ஆச்சரியம். “ஆமா டீச்சர். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கயோ வாசிச்சன். சோறு கிடைக்குமோ?”

“கடையில அரிசி இருக்காம். நம்மளே சமைக்கணும்.”

“சமைக்கத் தெரியாத பிள்ளையள் என்ன செய்யிறவை?”

“கடைப் பாணத் தின்னுட்டுக் கெடக்க வேண்டியதுதான்,” என்றாள் புஷ்பம்.

டீச்சர் பிஸ்கட் தட்டைப் புஷ்பத்தின் பக்கம் நகர்த்தினார். பிறகு கேட்டார். “அங்க வேலை கூடவாய் இருக்குமோ? வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுக்கவும் நேரம் கிடைக்காதோ?”

“அதுக்கெல்லாம் கிடைக்கும் டீச்சர். ரெண்டு நிமிஷந்தானே?”

“ஓம்,” என்றார் டீச்சர். “ரெண்டு நிமிஷம்தான்.”

அம்மாவின் காதருகே விஜயகலா குனிந்தாள். “இவங்களுக்கு நம்பிக்க இல்லம்மா. கெளம்புவோம்.”

புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் அந்த ஓடிப்போனவனால வந்த வினைங்க, டீச்சரம்மா! முந்தி இவ கம்பஸ்லருந்து ஒருத்தன் இப்படித்தான் போயி, வரவே இல்லயாம். மொத்தக் காசும் கையெழுத்துப் போட்டவங்க தலையில விழுந்துச்சாம். அதக் கேட்டுட்டு இப்ப ஒருத்தரும் பேனாவத் தொட மாட்டேங்கிறாங்க. அவனெல்லாம் நல்லா இருப்பானா? பெத்தவ எப்படித்தான் வளத்தாளோ!”

“தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ,” என்றார் டீச்சர்.

விஜயகலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“டீச்சர், வருவேன்னு நான் சத்தியம் பண்ணலாம். போன எல்லாரும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. ஒவ்வொரு மழைக்கும் அந்த வெடிப்பு கொஞ்சம் அகலமாகுது. அம்மா அதுக்குக் கீழதான் தூங்குறாங்க. நான் படிக்கப் போறதே அதுக்காகத்தான். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

விமலாதேவி டீச்சர் கையை நீட்டினார். “பேப்பரைத் தாரும்.”

வாசிக்கவே இல்லை. எங்கே போட வேண்டும் என்று விஜயகலா காட்டுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். எழுந்த புஷ்பம் அவர் காலில் விழப் போனாள். டீச்சர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. அத்தன கேள்வி கேட்டீங்களா, எம்புள்ளய நம்பலன்னு நெனச்சுட்டேன்.”

“நம்பாமல் கேக்கேல்ல. அந்த ஊர் எப்பிடி இருக்கும், அங்க ஒரு பிள்ளை எப்பிடிச் சீவிக்கும் எண்டு எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அதுதான் கேட்டன்.”

வாசல் வரை கூடவே வந்தவர், குடையை விரித்த விஜயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேர்கனில ஜதீஸ்வரன் எண்டு ஒருத்தன் இருக்கிறான் பிள்ளை, உங்கட கம்பஸில படிப்பிச்சவன்தான். கண்டால், பிணைக் காசு முழுக்க அம்மா கட்டி முடிச்சிட்டா, இனி வெக்கப்படாமல் வீட்டுக்கு வரட்டாம் எண்டு சொல்லும்.”