கையிலா, மார்பிலா?

“ஆத்தா மேல சத்தியமா கையில படல சார்.”

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாலும் டைட்டஸுக்கு அந்தக் குரல்தான் கேட்டது. காரைக்காலிலிருந்து தேசிய அளவு வரை போன கால்பந்து நடுவர். ஊரில் நடத்திய அந்த இறுதிப் போட்டிக்குப் பிறகு, அவன் விசிலைத் தொடவே இல்லை.

ஹாலில் அவன் மனைவி ஜெனிட்டா, முருகானந்தத்துக்குக் காபி வைத்தாள். டைட்டஸின் ஆட்டங்களில் எல்லைக்கோட்டில் கொடி பிடிக்கும் துணை நடுவர் அவன்.

“சரியா சாப்புடுறதில்லண்ணே. கோவா மேட்சுக்கு வர்றாரா இல்லையான்னு சாயந்தரத்துக்குள்ள சொல்லணுமாம். இனிமே ஊதவே மாட்டேங்கிறாரு.”

டைட்டஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

“இன்னும் அந்த நவநீதன்தானா?” என்றான் முருகானந்தம். “பந்து அவன் கையில பட்டுச்சுன்னு அவன் டீம் கருக்களாச்சேரிக்கு எதிரா பெனால்டி குடுத்த. கடைசி நிமிஷத்துல அவங்களுக்கும் ஒண்ணு குடுத்த. கப்பு அவங்களுக்குத்தான போச்சு? தோத்த பட்டினம் டீம்காரனே கம்முன்னு போயிட்டான். நீ ஏன்டா அல்லாடுற?”

“அவன் மூஞ்சி கண்ண விட்டுப் போவ மாட்டேங்குதுடா.”

அன்று டைட்டஸ் நின்ற இடத்திலிருந்து நவநீதனின் முதுகு மட்டுமே தெரிந்தது. மார்பில் படும் பந்து வேகம் செத்துக் காலடியில் விழும். கையில் பட்டால் வெடுக்கென்று பக்கவாட்டில் விலகும். பந்து விலகியது, ஊதிவிட்டான். யோசிக்க அவகாசமே கிடையாது. யோசனையெல்லாம் பிறகுதான் வரும்.

முருகானந்தம் செல்போனை நீட்டினான். “கோலுக்குப் பின்னால நின்ன ஒருத்தன் எடுத்தது. நேத்துதான் கெடச்சிச்சு, பாரு.”

வீடியோ மெதுவாக ஓடியது. நவநீதனின் இடது கை விலாவை விட்டு விரிந்தது. பந்து அந்த உள்ளங்கையில் பட்டுத் திரும்பியது.

எட்டிப் பார்த்த ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா, நீங்க தப்பே பண்ணலைங்க.”

“பொய்ச் சத்தியம் பண்ணிருக்கான் பய,” முருகானந்தம் சிரித்தான். “கோவாவுக்கு போனப் போடு மாப்ள.”

டைட்டஸ் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

“மொத ஊதுனது தப்புன்னு நெனச்சுத்தான்டா, கடைசிப் பெனால்டிய அவங்களுக்குச் சும்மா குடுத்தேன்.”