ரெண்டு மூடி

"ரெண்டு மூடியையுமா திருவிட்டீங்க மதினி?"

"ஒரு தேங்கா உடைச்சா ரெண்டு மூடிதானட்டி இருக்கும்? இதுல என்ன..."

"ஒண்ணு நாளைக்கு. ஃப்ரிட்ஜில வெச்சா மறுநாளும் வரும்னு..."

"நாலு காய் சுமந்துட்டு வந்திருக்கேன். அதுக்குள்ள என்ன பஞ்சம்? மிச்சம் மூணு எங்க?"

தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. வடிவின் தம்பி பெண்டாட்டி பகவதி அதைக் கவனிக்கவில்லை.

"கீழ கொடுத்துட்டேன்."

"கீழன்னா?"

"வீட்டுக்கார அம்மாவுக்கு. நீங்க குளிக்கப் போன நேரத்துல."

வடிவுக்குச் சுருக்கென்றது.

கடையத்தில் அவள் வீட்டுப் பின்னால் மூன்று தென்னை. விழுகிற காயைப் பொறுக்க ஆள் கிடையாது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக்கோ என்பாள். ஆனால் இந்த நாலையும் தட்டிப் பார்த்துத் தேர்ந்து, உரித்து, குடுமி விட்டு, ரயிலில் தலைமாட்டில் வைத்தே கொண்டு வந்தாள்.

"என் தம்பி திங்கட்டும்னு கொண்டாந்தது. வீட்டுக்காரிக்குக் கொடுக்கவா சுமந்தேன்?"

"உங்க தம்பி குடியிருக்கணும்ல மதினி."

"எழுவதாயிரம் சம்பளம் வாங்குதவன் பெண்டாட்டி பேசுத பேச்சா இது?"

"அது உங்க ஊர்லதான் எழுவதாயிரம். இங்க வந்து இறங்குனதும் மெலிஞ்சு போவுது."

"எங்க வீட்டுல அதுல பாதிகூட வரல. நாங்க பிள்ளைய வளக்கலையா? தேங்காய அளந்தா அரைச்சோம்?"

"உங்களுக்கு வாடகை உண்டா? குடிக்கிற தண்ணிக்குத் துட்டு உண்டா? காத்து மட்டுந்தான் இங்க சும்மா வருது. அதுவும் மாடிக்கு வரல."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இரண்டு குரலும் தாழ்ந்தன.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மதினி," என்றாள் பகவதி. கோபமாகச் சொல்லவில்லை. மாவைக் கல்லில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.



வடிவின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை பெட்டிக்குள் இருந்தது. தாய்மாமன் மூணு பவுனில் செயின் போடுவான் என்று சம்பந்தி வீட்டில் அவளே சொல்லியிருந்தாள். யாரும் கேட்காமலே சொன்னது. மெட்ராஸ் சம்பளமாக்கும் என்று சேர்த்தும் சொல்லியிருந்தாள்.

தம்பி ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தான். தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தான்.

"அடேயப்பா! சட்னியில தேங்கா இருக்கே!"

அவன்தான் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பகவதி திரும்பிப் பொட்டுக்கடலை டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அவன் இரண்டாம் முறையும் சட்னி கேட்டான். வடிவு அள்ளி வைத்தாள். மூன்றாம் முறை கேட்காமலே வைத்தாள்.

வாசலில் மணி அடித்தது.

கீழ் வீட்டு அம்மா. கையில் வடிவின் துணிப்பை, நாலாக மடித்து.

"பையைக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். நல்ல காய் பகவதி. கடையில ஒண்ணு அம்பது ரூபா சொல்றான், உடைச்சா உள்ள ஒண்ணுமே இருக்க மாட்டேங்குது." உள்ளே எட்டிப் பார்த்தாள். "இவங்கதான் அக்காவா? வாங்கம்மா." பிறகு பகவதியிடமே திரும்பினாள். "அவர்கிட்ட சொல்லிட்டேன். பொங்கல் வரைக்கும் பழைய வாடகையே இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

பகவதி ரொம்ப தேங்க்ஸ்மா என்றாள். அந்த அம்மா படி இறங்கத் தொடங்கிய பிறகும் இன்னொரு தடவை சொன்னாள்.

கதவைச் சாத்தியவள் அங்கேயே நின்றாள். மடித்த பை நெஞ்சோடு இருந்தது.

தம்பி மெல்லுவதை நிறுத்தியிருந்தான். தட்டைப் பார்த்தான். ஓரத்தில் மிச்சமிருந்த சட்னியை விரலால் வழித்தான். வழித்த இடத்தையே மறுபடியும் வழித்தான்.

கையைக் கழுவிவிட்டு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சொல்லுக்கா. மாமன் நான் என்ன செய்யணும்? கூச்சப்படாமச் சொல்லு."

அடுக்களைக்குத் திரும்பியிருந்த பகவதியின் பாத்திரச் சத்தம் நின்றது.

வடிவு ஒரு தட்டு கேட்டு வாங்கினாள். வெற்றிலையைத் துடைத்து வைத்தாள். பாக்கு, பழம், மேலே பத்திரிகை. எழுந்து நின்றாள்.

"ஏட்டி பகவதி, நீயும் வா. அவன் பக்கத்துல நில்லு."

பகவதி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது?

அதை ரயிலில் யோசித்துக்கொள்ளலாம்.

தட்டை இருவருக்கும் பொதுவாக நீட்டினாள்.

"முந்துன நாளே வந்துரணும், ரெண்டு பேரும். வரும்போது காலிச் சாக்கு ரெண்டு கொண்டாங்க."