ஏழு தண்ணி

"நாத்தம் குடலைப் பிடுங்குது! கழுவத் தெரியாதவளுக்கெல்லாம் எதுக்கு அடுப்பு?"

பட்டாசு ஆலை போர்மேன் சீனிவாசகம், கூட வேலை பார்க்கும் அத்தனை பெண்கள் முன்னாலும் தூக்குச்சட்டியை வேலுத்தாயிடம் நீட்டினார். சட்டி காலி. ரத்தமும் கொத்துக்கறியும் அடைத்து அவித்த ஆட்டுக்குடலை ஓசியில் கேட்டு வாங்கித் தின்றதும் அவர்தான். ஏழு தண்ணி விட்டுக் கழுவியிருந்தாள் அவள்.

"அடுத்த வாரமாவது ஒழுங்காக் கொண்டா."

"உங்களுக்குன்னே தனியாச் செஞ்சு தாரேன், அண்ணாச்சி." உள்ளே கொதித்ததை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

மறுவாரம் சொன்னபடியே கொண்டுபோய்க் கொடுத்தாள். வெடிமருந்து வாடைகூட அன்று அவளுக்கு மணத்தது.

சாயங்காலம், அதே ஆலையில் லோடு ஏற்றும் அவள் புருஷன் சின்னச்சாமி அந்தச் சட்டியோடு வந்தான். இப்போதும் காலி.

"அண்ணாச்சி இருக்கன்குடி கோயிலுக்கு விரதமாம். வீணாப் போகக் கூடாதுன்னு எனக்குக் குடுத்துட்டாரு. ஏ புள்ள, இத்தனை வருசத்துல இம்புட்டு ருசியா நீ செஞ்சதே இல்ல. அப்படி என்னத்தப் போட்டே?"

வேலுத்தாய் சட்டியை வாங்கிக்கொண்டாள். புதிதாக அவள் எதையும் போடவில்லை. குடலை ஒரு தண்ணிகூட விட்டுக் கழுவவில்லை, அவ்வளவுதான்.